படகு ஆயில் குடித்த கிளட்ச்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் பழைய வெள்ளை வாடகைக் காரில், கிளட்ச் ஆயில் டப்பாவின் மூடியில் ஆங்கிலத்தில் பொறித்திருந்ததை நான்தான் வாசித்துச் சொன்னேன்: பிரேக் ஆயில் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது.

"மூடியில எழுதினவன் கோட்டைக்குப்பம் வந்து ஊத்துவானா?" என்றார் மாமா, அம்மாவின் அண்ணன். குப்பத்துப் படகு எஞ்சின்களுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக். சைக்கிள் செயினோ தையல் மிஷினோ, எதுவானாலும் படகு எஞ்சின் ஆயில்தான் அவருக்கு மருந்து.

கிளட்ச் மிதி தளர்ந்திருந்தது. மறுநாளுக்கு அடுத்த நாள், ஒரு கல்யாணப் பெண்ணைப் பழவேற்காட்டு சர்ச்சுக்கு அழைத்துப் போவதாக நைனா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்குத் தவறினால் அந்தக் காரை இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"வேணாம் மாமா. உள்ள ரப்பர் ஊதிடும்."

"காலேஜ்ல கிளட்ச்சு பாடம் நடத்துனாங்களா?"

நைனா என்னைப் பார்க்கவில்லை. "நீ ஊத்து மச்சான்" என்றார்.

மாமா படகு ஆயிலை ஊற்றினார். அன்று கார் ஓடியது. மறுநாள் காலை, அமுக்கிய மிதி மேலே வரவில்லை. "கெழட்டு வண்டி, வித்துடு" என்று மாமா படகுத்துறைக்குப் போய்விட்டார்.

பஸ் பிடித்துப் பொன்னேரி போய் ரப்பர் செட்டும் ஹோஸும் பிரேக் ஆயிலும் வாங்கி வந்தேன். மிதியருகே மேலொன்று, கியர்பாக்ஸருகே கீழொன்று, கிளட்ச்சின் இரண்டு சிலிண்டரையும் கழற்றினேன். ரப்பர்கள் ஊறிய கொண்டைக்கடலை போல உப்பி, உள்ளே இறுகியிருந்தன. பிடுங்கியெடுத்து, ஸ்பிரிட்டால் கழுவி, புதியவற்றை மாட்டினேன். ஆயில் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இன்னொரு ஆள் மிதியை அமுக்க வேண்டும். ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்துவிட்டு ஈரச் சேலையோடு வந்த அம்மா ஏறி உட்கார்ந்தாள். நான் அமுக்கச் சொன்னபோது அமுக்கினாள், விடச் சொன்னபோது விட்டாள். ஒவ்வொரு அமுக்கலுக்கும், "மாமன எதிர்த்துப் பேசாதடி" என்றாள்.

கல்யாணத்தன்று, சரி செய்தவள் நான், ஓட்டுவதும் நான்தான் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பெண் நேரத்துக்கு சர்ச் வாசலில் இறங்கினாள்.

பந்தியில் மாமாவின் குரல் கேட்டது. "கிளட்ச்சு போயே போச்சு. நான் கை வெச்சேன், ஓடுது." பக்கத்தில் நைனா தலையாட்டினார்.

பையிலிருந்த உப்பிய ரப்பரை மாமாவின் இலையோரம் வைத்தேன்.

"இன்னா இது?"

"நீங்க கை வெச்சது."

எதிர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாமா அதை இடக்கையால் தள்ளினார். "பொண்ணப் படிக்க வெச்சது தப்பு மாப்ள." நைனா அதற்கும் தலையாட்டினார்.

அம்மாவை மட்டும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். மாமாவும் நைனாவும் வெயிலில் நடந்து வந்தார்கள்.