ராதாகிருஷ்ணனின் சிம் கார்டு

ராதாகிருஷ்ணனைப் போன்ற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐம்பத்து மூன்று வயது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இத்தனை வருடத்தில் யாரிடமும் முடியாது என்று சொன்னதே இல்லையாம். அதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். சூப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் போவார். மச்சான் லோரி தள்ளக் கூப்பிட்டாலும் போவார். கல்யாண வீட்டில் எச்சில் இலை எடுக்க ஆள் இல்லையென்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இவரே இறங்கிவிடுவார். ஊரில் இதற்கு நல்ல மனுஷன் என்று பெயர். முதுகெலும்பு இல்லாதவர் என்பது என் அபிப்பிராயம்.

என் கடை பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. 'உஷாராணி ஃபோன் ரிப்பேர்' என்று சின்னதாக ஒரு போர்டு. அதற்கு முன்னால் சுங்கை வேயில் ஒரு ஃபேக்டரியில் பதினொரு வருடம் சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலை. அதனால் மற்ற கடைக்காரர்கள் கைவிட்டதெல்லாம் என்னிடம் வரும். கைவிடப்பட்ட மனிதர்களும் சேர்ந்தே வருவார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இவர் ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். உள்ளே எட்டு மாத ஃபோன் பில் பட்டியல். தினமும் காலை ஆறே முக்காலுக்கு ஒன்று, மாலை ஏழேகாலுக்கு ஒன்று என்று இவர் ஃபோனிலிருந்து ஒரே நம்பருக்கு மெசேஜ் போயிருக்கிறது. ஒவ்வொன்றையும் யாரோ மஞ்சள் பேனாவால் தீட்டி வைத்திருந்தார்கள்.

"தங்கச்சி, நான் அனுப்பல மா. ஃபோன்ல பாத்தாலும் ஒன்னும் இல்ல. ஆனா போவுது."

மஞ்சள் தீட்டியவன் வாசு, இவர் மனைவி குமுதாவின் தம்பி. கிள்ளானில் ஃபோன் கவரும், ஃபோனுக்குக் காசு ஏற்றும் ரீலோடு கார்டும் விற்கிறான். கடை வாசலில் 'மொபைல் எக்ஸ்பர்ட்' என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறான். சிம் கார்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் தங்கக் கலர் தகடு என்பான். அந்த எக்ஸ்பர்ட் பட்டியலைப் பார்த்த ஐந்தாவது நிமிடமே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "மாமா காலையில குட் மார்னிங், சாயந்திரம் குட் நைட் அனுப்புறாரு லா." அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தார்களாம். மணி அடிக்கவில்லை. அவள் பிளாக் பண்ணி வைத்திருக்கிறாள் என்று அதற்கும் விளக்கம் சொன்னான்.

குமுதா இரண்டு பையில் துணியைத் திணித்து வெளியே வைத்துவிட்டார். மூன்று வாரமாக ராதாகிருஷ்ணனுக்குத் தொழிலாளர் ஹாஸ்டலில் படுக்கை. வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"அண்ணே, இல்லன்னு அடிச்சுச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"ரெண்டு நாள் சொன்னேன் மா. அப்புறம் ஒத்துக்கிட்டேன்."

"எதை?"

"ஒரு பொம்பளை இருக்குன்னு."

"இருக்கா?"

"இல்ல மா. ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டா உள்ள விட்ருவாங்கன்னு பாத்தேன். பேரு கேட்டாங்க. வாயில வந்த பேர சொன்னேன். இனிமே அனுப்ப மாட்டேன்னு சூடத்துல அடிச்சு சத்தியம் பண்ணேன். மறுநாள் காலையிலயே மெசேஜ் போயிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. செய்யாத தப்பை ஒத்துக்கொண்டு, அதையும் ஒழுங்காக நிறுத்தத் தெரியாத ஒரு மனிதரை அதுவரை நான் பார்த்ததில்லை. என்ன பெயர் சொன்னார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் கை அதற்குள் இழுப்பறையில் இருந்த, சிம் சோதிக்கும் சர்க்யூட் போர்டை எடுத்துவிட்டது.

அந்தப் போர்டு உள்ளங்கை அகலம்தான். அதன் வரைபடத்தை உருவாக்கியவர்கள் மூடி மறைக்காமல் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள், யாரும் பார்த்துச் செய்துகொள்ளலாம். அதிலிருந்து போகும் பட்டை வயரின் நுனி சிம் கார்டு வடிவத்தில் இருக்கும். அதை ஃபோனுக்குள் செருகிவிட்டு, நிஜக் கார்டைப் போர்டில் வைக்க வேண்டும். கார்டும் ஃபோனும் வழக்கம்போல் பேசிக்கொள்ளும். போர்டு நடுவில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டு, ஒவ்வொரு பேச்சையும் என் கம்ப்யூட்டரில் எழுதும். தானாக எதையும் சேர்க்காது, குறைக்காது. இந்தக் குணம் உள்ள மனிதர்கள் எனக்குச் சொந்தத்தில்கூட இல்லை.

இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். ஃபோனை நாலு தடவை அணைத்துத் திறந்தும் பார்த்தேன். ஒரு மெசேஜும் போகவில்லை. இவர் பொய் சொல்கிறார், நிஜமாகவே ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஃபோன் டிரேயைத் திறக்க ஊசி தேடினேன். அவர் அதற்குள் சாவிக் கொத்தில் தொங்கிய ஊக்கைப் பிரித்து, பார்க்காமலே டிரேயைத் தள்ளி, கார்டை வைத்து மூடிவிட்டார்.

"கை என்னண்ணே இவ்ளோ பழகியிருக்கு?"

"தினமும் மாத்துறதுதானே மா."

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் கம்பெனியில் புது விதி போட்டிருக்கிறார்கள். கேமரா உள்ள ஃபோன் உள்ளே போகக் கூடாது. மற்றவர்கள் பட்டன் ஃபோனுக்கு வேறு சிம் வாங்கிக்கொண்டார்கள். இவர் மட்டும், சூப்பர்வைசர் கூப்பிட்டால் இந்த நம்பருக்குத்தானே கூப்பிடுவார் என்று பயந்து, தினமும் காலையில் கேட்டில் நின்று கார்டைப் பட்டன் ஃபோனுக்கு மாற்றுவார். மாலையில் அதே கேட்டில் திரும்பப் பெரிய ஃபோனுக்கு.

"இத ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலையே மா."

அவர் பையிலிருந்த பட்டன் ஃபோனை வாங்கிப் போர்டில் இணைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கார்டு முதலில் ஃபோனின் அடையாள எண்ணைக் கேட்டது. ஃபோன் சொன்னது. பழைய எண் வேறு, இது வேறு என்றதும், இந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்பு என்று கார்டே கட்டளையிட்டது. மஞ்சள் தீட்டிய அதே நம்பர். மெசேஜுக்குள் இருந்தது புது ஃபோனின் எண் மட்டும்தான். சிம் கொடுத்த கம்பெனி, தன் கார்டு எந்த ஃபோனில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வைத்த ஏற்பாடு அது. கேட்காமல் வேவு பார்க்கிற அந்தக் கம்பெனியையும் நான் மதிக்கவில்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னது அந்தக் கார்டு ஒன்றுதான்.

மறுநாள் குமுதாவையும் வாசுவையும் வரச்சொன்னேன். அவர்கள் கண் முன்னால் கார்டை இரண்டு ஃபோனுக்கும் மாற்றி மாற்றிப் போட்டேன். மாற்றும்போதெல்லாம் மெசேஜ் போனது. குமுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வாசு இரண்டு ஃபோனையும் புரட்டிப் பார்த்தான். பிறகு, "எனக்கு அப்பவே டவுட்டுதான் லா," என்றான். கூச்சமே இல்லாமல் அதைச் சொல்லத் தடித்த தோல் வேண்டும்.

"வாங்க, சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போவோம்," என்று குமுதா கணவர் கையைப் பிடித்தார். ராதாகிருஷ்ணன் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். படியருகில் போனபோது வாசு தலையைச் சொறிந்தான்.

"சே, நான் வேற மாமா கம்பெனி கேட்டுக்கு வெளிய இருக்குற கன்டீன்ல போயி அந்த சந்திரகலாவ அவ்ளோ சத்தம் போட்டுட்டேன். வீடியோ வேற குரூப்ல போட்டுட்டேன்."

"யாரு சந்திரகலா?" என்றேன்.

ராதாகிருஷ்ணன் சிரிப்பை நிறுத்தினார். எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, வாயில வந்த பேருன்னீங்க. நெஜ ஆளா?"

"கன்டீன்ல தே தண்ணி கலக்குறவங்க மா. வேற பொம்பளை பேரு எனக்குத் தெரியாது. தினமும் சீனி கம்மியா போட்டுக் குடுப்பாங்க."

"வாசு சத்தம் போட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதான் இருந்தேன்."

"ஒன்னும் சொல்லலையா?"

"வாசு கோவமா இருந்தாப்ல மா."

கன்டீன்காரர் அந்த வாரமே சந்திரகலாவை நிறுத்திவிட்டாராம். ஒன்பது வருட வேலை. அதற்குப் பிறகும் இவர் அதே கன்டீனில் வேறொருவர் கலக்கிய தேயைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போதே மூன்று பேரும் போய் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். வாசு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். குமுதாதான் பேசினார். "விடும்மா. முடிஞ்சு போன கதைய எதுக்குக் கிளறணும்? இவரு சுத்தமானவர்னு தெரிஞ்சிருச்சுல்ல, அது போதும்." ராதாகிருஷ்ணன் எனக்கும் குமுதாவுக்கும் சேர்த்தே சரி என்று தலையாட்டினார். மூவரும் கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். அந்தப் படியிலேயே மூன்று பேரையும் உருட்டிவிட வேண்டும் போலிருந்தது.

போர்டு எழுதியதை அச்சடித்து எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை நானே போனேன். கன்டீனில் பாத்திரம் கழுவுகிற பெண்தான் விலாசம் சொன்னாள். சாலாக் செலாத்தானில் ஒரு ஃபிளாட்டின் நாலாவது மாடி, அந்த அம்மாவின் அக்கா வீடு. சந்திரகலாவுக்கு என் அம்மா வயது இருக்கும். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவுக் கம்பிக்குப் பின்னால் நின்றார். நான் கால் மணி நேரம் விளக்கினேன். கார்டு, ஃபோன், கேட், நம்பர், எல்லாம். அந்த மெசேஜ் எந்தப் பெண்ணுக்கும் போகவில்லை, இதோ அத்தாட்சி என்று தாளைக் கம்பி வழியாக நீட்டினேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். முழுக்க எண்ணும் ஆங்கில எழுத்தும்தான்.

"இதுல எம் பேரு எங்கம்மா இருக்கு?"

"இல்லம்மா. உங்க பேரு இதுல வராது."

"அந்த வீடியோவுல இருந்துச்சே."

ஊரில் உள்ளவர்களையெல்லாம் அற்பமாக நினைக்கிறவள் நான். அன்று கடையில் அந்தப் பெயர் யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்காதவளும் நான்தான். சந்திரகலா தாளை நான்காக மடித்துக் கம்பி வழியாக என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.