குப்பைத்தொட்டியடி அரபு

குவைத்தில் வீட்டுவேலை செய்த எங்களுக்குக் குப்பைத்தொட்டியடிதான் முற்றம். பின்னேரம் குப்பை கொட்டக் கீழே இறங்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ராத்தாவும் நானும் அழுது, சிரித்து, எஜமானிகளைத் திட்டி முடிக்க வேண்டும். ராத்தா என்று நான் கூப்பிட்ட அந்த அக்கா காத்தான்குடி முஸ்லிம். நான் பழுகாமத்துத் தமிழ். ஊரில் என்றால் புடவைக்கடை வாசலில் ஒருவரையொருவர் விலத்திக்கொண்டு போயிருப்போம். அங்கே அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தபோது, தெருவிளக்கின் கீழே குந்தி அவருடைய பாதத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தது நான்தான்.

இருவரும் ஊருக்குத் திரும்பிய பிறகு, இந்த வருடம் ஒருநாள் ராத்தாவிடமிருந்து போன் வந்தது.

"கால் விரல்ல புண் புள்ள. மகள்ற கலியாணம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் செல்லிராத. மாப்பிள்ள ஊட்டார் கேள்விப்பட்டா நாளத் தள்ளிருவாங்க."

மனம் கேட்கவில்லை. பாலம் கடந்து, பஸ் மாறிப் போனேன். வீடு நிறையச் சனம். "குவைத்து மகாராணிமார் ரெண்டு பேரும் கூடிட்டாங்க, இனி நமக்குக் கதிரையில்ல" என்று மகள் கேலி பண்ணினாள். இனிப்பு வட்டிலப்பம் வந்தது. விருந்தாளியைத் தனியே தின்னவிடக் கூடாதென்று ராத்தாவும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அந்த வெக்கையிலும் அவர் காலுறை போட்டிருந்தார். தனியே பேச ஒரு மூலைகூட இல்லை.

அப்போதுதான், எஜமானிகளைப் போல நடித்துத் திட்டிப் பழகிய அந்தக் குப்பைத்தொட்டியடி அரபு நாக்கில் வந்தது.

"ரிஜில் ஷ்லோன்?" கால் எப்படி என்று கேட்டேன்.

"ஹராப்." பழுதாகிவிட்டது என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அஸ்வத்?" கறுத்துவிட்டதா?

ஆமென்று தலையசைத்தார்.

தேநீர் கொண்டுவந்த அவருடைய தம்பி மனைவி அப்படியே நின்றுவிட்டாள். "எந்தக் கால் மதினி? நானும் ரியாத்துல சட்டி கழுவினவதான்."

ஒழுங்கைக்கு ஒழுங்கை கடல் கடந்து போய்வந்த பெண்கள் இருக்கும் ஊரில், அரபுக்குள் ஒளியலாம் என்று நினைத்த எங்கள் புத்தியை என்ன சொல்ல!

காலுறையைக் கழற்றினார்கள். மகள் கத்திய சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வந்தது. ஏறும்போது ராத்தா என்னைப் பார்த்துச் சொன்னார்: "உன்னட்ட மட்டுந்தானே செல்லியிருந்தன்."

ஒரு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. கலியாணம் தள்ளிப்போனது. அதன்பிறகு என் அழைப்பை ராத்தா எடுப்பதில்லை. "உம்மா நடக்கிறா, மாமி. உங்கட கதைய எடுத்தா மட்டும் எழும்பிப் போறா" என்றாள் மகள். அன்று அங்கே வைத்துக் கேட்டது பிழை என்று சொல்ல இன்றும் வாய் வரவில்லை. சரி என்று சொல்லி நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை.

போன மாதம் கலியாணம் நடந்தது. எனக்கு அழைப்பில்லை. மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். ராத்தா எப்படி நிற்கிறார் என்று அறியப் படத்தைப் பெரிதாக்கினேன். என் விரல் அவருடைய முகத்தை விட்டுவிட்டு, சேலைக் கரைக்குக் கீழே பாதத்தைத் தேடிப் போய் நின்றது.