கூடத்தில் பேசிய பிரெஞ்சு

பிரெஞ்சு எதற்காகப் படிக்கிறீர்கள் என்று புதிதாகச் சேரும் எல்லோரிடமும் கேட்பேன். அமிர்தவல்லியிடமும் கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரு அங்க இருக்காரு மிஸ். பாஷ வந்ததும் கூட்டிக்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்றாள்.

நான் பாடம் நடத்தும் இடம் லாஸ்பேட்டையில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடி. பக்கத்து அறையில் ஜெர்மன். அங்கே வருவது பெரும்பாலும் நர்ஸ்கள். அதற்கும் அடுத்தது ஜப்பானியம். சுவர்கள் மெல்லியவை என்பதால் மாலை நேரத்தில் மூன்று நாட்டுப் பேச்சும் கலந்து கேட்கும். என் அறைக்குக் கனடா போக நினைக்கும் பையன்கள் வருவார்கள், ஓட்டல் வரவேற்பில் நிற்பவர்கள் வருவார்கள். பிரான்ஸ் மாப்பிள்ளையைக் கட்டிய பெண்கள் எப்போதும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்.

அமிர்தவல்லிக்கு ஊர் அரியாங்குப்பம். பி.காம். முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவளை முத்தியால்பேட்டையில் கொடுத்தார்கள். கணவன் இளஞ்செழியனின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அவர்கள் வீட்டைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றுதான் தெருவில் சொல்வார்கள். அந்த வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமை மூன்று தலைமுறையாக இருந்தது. மொழி மட்டும் 'போன்ழூர்', 'மெர்சி'க்கு மேல் போகவில்லை. இளஞ்செழியன் பாரிசுக்கு வெளியே ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். லீவில் வந்தான், தாலி கட்டினான், லீவு முடிந்ததும் போய்விட்டான்.

அன்றிலிருந்து அவளை யார் பார்த்தாலும் கேட்டது ஒன்றே ஒன்று: "விசா பேப்பர் வந்துடுச்சா?"

அவள் நன்றாகப் படித்தாள். பஸ்ஸில் வரும்போது காதில் பிரெஞ்சு வானொலி ஓடிக்கொண்டிருக்கும். முதல் பரீட்சை தேறியதும் இளஞ்செழியன், "இன்னும் கொஞ்சம் நல்லா வரட்டும், இங்க வந்து திண்டாடக் கூடாதுல்ல" என்றான். அடுத்ததையும் தேறினாள். அப்போதும் அதையே சொன்னான். தன் பிரெஞ்சு போதவில்லை என்று அவள் நம்பினாள். நானும் கூடுதலாகப் பயிற்சி கொடுத்தேன்.

அவளோடு சேர்ந்த மரீஹா ஒரே வருடத்தில் கிளம்பினாள். கடைசி நாள் வகுப்புக்கு அவள் வீட்டிலிருந்து தம்ரூட் என்ற ரவை இனிப்பு வந்தது.

"அக்கா, ஏதோ என் வாயில வந்ததுக்கே என்னைக் கூட்டிக்கிட்டாரு. நீங்க படிக்கிற படிப்புக்கு அந்த ஊரு மேயரு வேலையே குடுப்பாங்க" என்றாள் மரீஹா.

"மேயரு வேலைக்குத்தான் டிலே ஆவுது போல" என்றாள் அமிர்தவல்லி. எல்லோரும் சிரித்தோம். பிரான்ஸ் மருமகள்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். புதியவர்கள் வந்து முதல் பாடத்தில் உட்கார்ந்தார்கள். அவளுக்குப் பக்கத்து நாற்காலி அடிக்கடி காலியானது.

வீட்டில் மாமியார் செல்வாம்பாளுக்குப் பொறுமை போய்விட்டது. "என் புள்ள போன ஆறு மாசத்துல பேசிட்டான். நீ மூணு வருசமா அப்படி என்னாத்த படிக்கிற? பாஷ வராததாலதான் அவன் அங்க ஓட்டல் சோறு துன்றான்."

இளஞ்செழியன் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோவில் வருவான். மாமியாரின் போனைக் கூடத்தில் டிவிக்கு முன்னால் ஒரு சொம்பில் சாய்த்து வைப்பார்கள். மாமியார், நாத்தனார் மாலா, மாலாவின் குழந்தைகள், சில நாள் பக்கத்து வீட்டார் என்று எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். அமிர்தவல்லி தூண் ஓரமாக நிற்பாள். கடைசியில் அவளுக்கு ஒரு "சாப்ட்டியா?" கிடைக்கும். தனியாக அவளுக்குப் போன் செய்தால் அம்மா வருத்தப்படும் என்பது அவன் சொன்ன காரணம்.

மூன்றாவது பரீட்சையையும் அவள் தேறிய வாரம். "எங்க, அவன்கிட்ட பேசிக் காட்டு பாப்போம்" என்றார் மாமியார். மாலா அவளைப் பிடித்துப் போனுக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

ஒரு மருமகள் அந்தக் கூடத்தில் தமிழில் கேட்க முடியாத கேள்வி ஒன்று அவளிடம் இருந்தது. அதைப் பிரெஞ்சில் கேட்டாள். நான் உங்களிடம் வருவது உங்களுக்குப் பிடிக்கிறதா?

அவள் பேசியது முழுவதும் அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்ததாம். பிறகு பிரெஞ்சிலேயே, சாதாரணக் குரலில் சொன்னான். இல்லை. நீ வர வேண்டாம். இங்கே எனக்கு ஒருத்தி இருக்கிறாள், ஏழு வருடமாக. அம்மா அழுததால் தாலி கட்டினேன். உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"எவ்ளோ நேரமா பேசுதுங்க பாருங்களேன்" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள். மாலா குழந்தையிடம், "அத்த பேசறதப் பாருடா, வெள்ளக்காரி மாதிரி" என்றாள். செல்வாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவளுக்கும் அவனுக்கும் நடுவே, வேறு யாரும் இல்லாமல் நடந்த முதல் பேச்சு அதுதான். என்னிடம் சொன்னபோது அதை இரண்டு தடவை சொன்னாள். "அவரு மொகத்துல ஒரு நிம்மதி மிஸ். எனக்கு அத பாத்துக்கிட்டே சிரிச்ச மாதிரி ஒக்காந்திருக்க வேண்டியிருந்துச்சி."

போன் வைத்ததும் மாமியார் ஆசையாகக் கேட்டார்: "என்னாடி சொன்னான்?"

கூட்டம் கலையும்வரை அவள் சமையலறையில் இருந்தாள். பிறகு சொன்னாள். "என்ன வர வேணாங்கறாரு அத்த. அங்க வேற ஒரு பொண்ணு இருக்காம்."

செல்வாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபம்கூட வரவில்லை. "நீ சரியா புரிஞ்சிக்கல. அவன் வேகமா பேசுவான். இன்னும் கொஞ்ச நாளு கிளாசுக்குப் போ."

அரியாங்குப்பத்தில் அவளுடைய அம்மா ஜெயமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள். "நம்ம பாஷயா அது? தப்பா எடுத்திருப்ப. வாய மூடிக்கினு இரு."

அடுத்த ஞாயிறு அவள் தூண் ஓரமாக நிற்கவில்லை. நேராகப் போன் முன்னால் போய் உட்கார்ந்து தமிழில் கேட்டாள்: "போன வாரம் என்கிட்ட சொன்னீங்களே, அத அத்தைக்குத் தமிழ்ல சொல்லுங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான். "பேப்பர் சீக்கிரம் போடறேன்னுதான் சொன்னேன். நல்லா படிக்கச் சொல்லும்மா அவள."

"நான்தான் சொன்னேன்ல" என்றார் செல்வாம்பாள்.

அந்த வாரமே அவள் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டாள். அம்மா வீட்டுக்கும் போகவில்லை. பிரெஞ்சு வாடிக்கையாளர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. லாஸ்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறாள். பார்சல் வரவில்லை, பில் தப்பு என்று முகம் தெரியாத யாரோ எழுதுவார்கள். மன்னிக்கவும் என்று தொடங்கி அவள் பதில் எழுதுவாள். முத்தியால்பேட்டையில் கேட்பவர்களிடம் மாமியார், பெரிய பரீட்சைக்காக மருமகள் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதாகச் சொல்லி வருகிறார்.

சனிக்கிழமையே விடுதியில் மற்றப் பெண்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். மெஸ்ஸில் அவள் ஒருத்திக்காகச் சமைப்பதில்லை. அந்த நாட்களில் சில சமயம் என் வீட்டுக்கு வருவாள். வந்தால் சாப்பிடுவோம், பாத்திரம் கழுவுவோம்.

இளஞ்செழியன் இப்போது அவள் எண்ணுக்கே செய்தி அனுப்புகிறான், பிரெஞ்சில். அங்கே மழை என்கிறான், முதுகு வலி என்கிறான், யாரிடமும் எதையும் சொல்ல முடியவில்லை என்கிறான். போன ஞாயிறு என் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்படி ஒன்று வந்தது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு அவள் தமிழில் அடித்தாள்: "அன்னிக்கி என்கிட்ட சொன்னத உங்கம்மாகிட்ட தமிழ்ல சொல்லுங்க. அப்புறம் எனக்கு எழுதுங்க."

அவன் படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுந்தன. அவன் எழுதிக்கொண்டிருப்பதாகக் கொஞ்ச நேரம் காட்டியது. பிறகு அதுவும் நின்றது. அவள் போனை மதில் சுவரில் வைத்துவிட்டு மீதித் துணியைப் பிழியத் தொடங்கினாள்.