தாலுகா ஆபீஸ் எதிரே ஓர் அறை

பிளஸ் டூவில் நான் கணக்கில் வாங்கியது நூற்று எழுபத்தொன்று. கடைத்தெருவில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்து ட்ரூ காப்பி அடித்துக் கொடுத்தவர் அதை நூற்றுப் பதினேழு ஆக்கிவிட்டார். கீழே கையெழுத்துப் போட்ட அதிகாரியும் அசலைப் பார்க்கவில்லை. பச்சை மையில் கிறுக்கி, சீல் குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகுதான் நான் கவனித்தேன். ஓடிப்போய்க் கேட்டால், டைப் அடித்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்:

“மூணு நம்பரும் கரெக்டாத்தான கீது தம்பி. எடம்தான் கொஞ்சம் மாறிக்கினு போச்சு.”

பாலிடெக்னிக் கிடைக்கவில்லை. விழுப்புரத்தில் பி.காம். சேர்ந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். அங்கே ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பாய் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். என் மார்க் ஷீட்டை வாங்கிக் கண்ணாடிமேல் குப்புறப் போட்டு மூடினார். மூடியின் ஓரத்தில் ஒரு பச்சை வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. தாள் வெளியே வந்து விழுந்தது. நூற்று எழுபத்தொன்று! அண்ணன் டம்ளர் வைத்ததால் விழுந்த டீக்கறை வட்டம்கூட அப்படியே வந்திருந்தது. தாள் சூடாக இருந்தது. யாரும் பார்க்காதபோது கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

அன்றைக்குப் பிடித்த ஆசை. கள்ளக்குறிச்சியில் அப்போது ஒரு ஜெராக்ஸ் கடைகூட இல்லை. மலையிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் ஜாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வருகிற கூட்டம் தாலுகா ஆபீஸ் முன்னால் மொய்க்கும். அத்தனை பேர் கையிலும் ஒரு காகிதம் இருக்கும். அத்தனை காகிதத்துக்கும் நகல் வேண்டும். எனக்குக் கூட்டம் தெரியவில்லை, வரிசைதான் தெரிந்தது. என் கடை வாசலில் நிற்கிற வரிசை.

தாலுகா ஆபீசுக்கு எதிரே குடை ரிப்பேர்காரர் காலி செய்துவிட்டுப் போன அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. காலடியால் அளந்தேன். எட்டுக்கு ஆறு. மிஷின் இடது பக்கம், வெயில் படாது. ஸ்டெபிலைசர் அதற்குக் கீழே. காகிதக் கட்டு வைக்க ஒரு பலகை. ஆட்கள் உட்கார வாசலில் ஒரு பெஞ்சு. பிளக் பாயிண்ட் வரவேண்டிய இடத்தில் சாக்பீசால் ஒரு சின்ன வட்டம் போட்டேன். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் அரிசி மண்டி வைத்திருந்தார். என் அவசரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“மிஷினு எங்க தம்பி?”

“வந்துடுங்க.”

“சரி, தை வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன். அப்பால என்னக் கேக்காத.”

மிஷினுக்கும் ஒரு வழி இருந்தது. விழுப்புரம் பாய் புதியது வாங்கப் போகிறார். பழையதை எனக்குத் தவணையில் தருவதாகச் சொல்லியிருந்தார். “வோல்ட்டேஜ் கம்மியாச்சுன்னா இது குந்திக்கும். கோவம் வந்து தட்டினா இன்னும் ஜாஸ்தியா மொரண்டு புடிக்கும். பொறும வேணும் தம்பி. உனக்கு அது கெடையாது, அதான் பயமாக் கீது” என்பார்.

பொறுமை இல்லாததால்தான் மிஷின் வருவதற்கு முன்பே தொழிலை ஆரம்பித்துவிட்டேன். படிப்பு முடித்து ஊருக்கு வந்ததும் சான்றிதழ்களை நானே வாங்கிப் பையில் போட்டு, வாரம் ஒரு தடவை விழுப்புரம் போய் நகல் எடுத்து வருவேன். வாங்குவது எல்லாம் அசல். அவரவர் வீட்டில் அது இருந்த இடமே வேறு. ஒரு வீட்டில் கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து, பாச்சை உருண்டை வாசனையோடு வந்தது. இன்னொரு வீட்டில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர், மகளுடைய பத்தாவது மார்க் ஷீட்டை மூங்கில் குழாய்க்குள்ளிருந்து உருவி எடுத்தார். அவர்கள் ஊரில் பத்தாவது தேறிய முதல் பெண். மார்க் ஷீட் நிமிர்த்த நிமிர்த்தச் சுருண்டுகொண்டது. ஒரு ராத்திரி என் கோரைப்பாய்க்கு அடியில் வைத்துப் படுத்து நிமிர்த்தினேன்.

அந்த வருடங்களில்தான் எங்கள் சாதி ஆட்கள் இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டுக்கு வந்தார்கள். கூட்டம், ஊர்வலம், மறியல். என் அண்ணன் எல்லாவற்றிலும் முன்னால் நிற்பான். அவன் மூன்றாவதோடு நின்றவன். அப்பா போன பிறகு கரும்பும் மணிலாக்கொட்டையும் வைத்து என்னைப் படிக்க வைத்தவன். “எங்க தம்பி பி.காமு” என்று டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்வான். நான் கடை வைக்கப் போவதைப் பற்றி அவனிடம் பேசினால், நான் ஏதோ தமாஷ் சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டே மாட்டுக்குத் தண்ணி காட்டுவான்.

ஒரு நாள் மறியலுக்கு நோட்டீஸ் போட்டிருந்தார்கள். காலை பத்து மணி என்று இருந்தது. நான் முந்தின நாளே விழுப்புரம் போனேன். அந்த வாரம் ஏதோ ஒரு தேர்வுக்குக் கடைசித் தேதி, பை பிதுங்கியது. பாதி வேலையில் கரண்ட் போய்விட்டது. பாய் எனக்காக விடிவதற்குள் கடை திறந்து முடித்துக் கொடுத்தார். முதல் பஸ்ஸில் ஏறினால் எட்டரைக்கு ஊர், பத்து மணிக்கு நான் அண்ணன் பக்கத்தில் ரோட்டில் உட்கார்ந்திருப்பேன். கணக்கு அதுதான்.

நோட்டீசைப் படித்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, எலவனாசூர்கோட்டைக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. பெரிய புளியமரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே, இலை வாடாமல், படுத்திருந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்ற வைத்தார். இறங்கி நடந்தேன். மரத்தின்மேல் பத்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“யார்ரா அவன், பைய கட்டிப் புடிச்சிக்கினு? உள்ள இன்னா?”

“சர்டிபிகேட்டுங்கண்ணா. ஜெராக்ஸ் எடுத்துக்கினு வர்றேன்.”

தலைப்பாகை கட்டிய ஒருவர் பையை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். “இந்தா பாருய்யா, நம்மாளுது கீது, காலனியோடது கீது, பாய் வூட்டுது கீது, மலக்காரங்களுது கீது. எல்லாத்தியும் ஒரே பையிலயா போட்டாந்த?”

“மிஷினுக்கு அதெல்லாம் தெரியாதுங்கண்ணா. எல்லாருக்கும் ஒரே லைட்டுதான்.”

“வாயி ஜாஸ்தியா கீதே இவனுக்கு!”

சிலர் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை. காலனிப் பையன் ஒருவனின் சான்றிதழை அவர் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். “இவங்களுக்குத்தான் ஏற்கெனவே குடுத்துக் கீறாங்களே. இன்னும் எதுக்கு நகலு?” என்றார். காகிதத்தின் ஓரம் அவர் கட்டைவிரலுக்குக் கீழே மடங்கிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

மரத்தைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் ஒருவர் ஓடி வந்தார்.

“தம்பி, அசல குடுத்தா ஒழுங்கா திருப்பிக் குடுத்துடுவியா?”

“இப்ப பாத்தீங்க இல்ல?”

“எந்தங்கச்சிது ஒண்ணு கீது. நர்சு ட்ரெய்னிங்குக்கு. பத்து காப்பி வோணும். ஞாயித்துக்கெழம ஊருக்கு வர்றியா?”

உள்ளங்கையில் அவர் ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டேன். மறியலில் மாட்டிய மனிதன் மாதிரியா நடந்தேன்! ஆர்டர் பிடித்த முதலாளி மாதிரி நடந்தேன். வழியெல்லாம் சாய்த்துப் போட்டிருந்த மரங்களில் ஏறி இறங்கி, தியாகதுருகம் வரும்போது தூறல் பிடித்துக்கொண்டது. சட்டையைக் கழற்றிப் பையைச் சுற்றினேன். மூங்கில் குழாய்க்காரர் செய்தது சரிதான். காகிதத்துக்கு ஒரு குழாய் வேண்டும்.

எங்கள் ஊர் கூட்ரோட்டில் அண்ணன் ரோட்டின் நடுவில் உர சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தான். வெறும் உடம்போடு வருகிற என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான்.

“ஊரே ரோட்டுல குந்திக்கினு கீது. நீ இன்னாடான்னா ஊரான் காயிதத்துக்குச் சட்ட மாட்டிக்கினு வர்ற.”

“நனஞ்சிடும்ணா. எல்லாம் அசலு.”

“மொதல்ல நீ நனையாத.” எழுந்து, தான் உட்கார்ந்திருந்த சாக்கை உதறிப் பையைச் சுற்றிக் கட்டினான். கட்டும்போதே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்: “எனக்கா வேல கேட்டு குந்திக்கினு கீறேன்? மூணாங்கிளாஸ் படிச்சவனுக்கு எவன் குடுக்கப் போறான்? உனக்குத்தான்டா.”

நான் சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். எனக்கு அந்த வேலை வேண்டாம்ணா, எட்டுக்கு ஆறில் ஒரு அறை போதும் என்று. ஈர ரோட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்த அவனைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சைக்கிளில் போய் எல்லாருடைய அசலையும் திருப்பிக் கொடுத்தேன். ஒன்றுகூட நனையவில்லை, காலனிப் பையனுடையதில் மட்டும் ஓரத்தில் ஒரு மடிப்பு. அவன் அதை நீவிக்கொண்டே, “பரவால்ல, வந்து சேந்துச்சே” என்றான். ஊர் திரும்பியபோது அண்ணன் இல்லை. போலீஸ் வேனில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பதினைந்து நாள் ஜெயில். கரும்புக்குத் தண்ணீர் கட்டுவதும் மாடு பார்ப்பதும் என் தலையில் விழுந்தது. விழுப்புரம் போகவில்லை. தங்கச்சிக்குப் பத்து காப்பி கேட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை எதிர்பார்த்திருப்பார். உள்ளங்கையில் எழுதியது சேற்றில் போய்விட்டது. ஊர்ப் பெயர் இன்றைக்கு வரை ஞாபகம் வரவில்லை.

அண்ணன் தாடியோடு வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. வாசலில் கால் கழுவும்போதே கேட்டான்: “அப்ளிகேஷன் எல்லாம் போட்டுட்டியா?”

போட்டேன். வேறென்ன செய்ய? தை பிறந்தது. பாயிடமிருந்து கார்டு வந்தது: புது மிஷின் வந்துவிட்டது, பழையதை வந்து எடுத்துப் போ. அதைப் படித்துவிட்டு அரிசி மண்டிக்காரரைப் பார்க்கப் போகாமல் கழனிக்குப் போனேன். மாசியில் போனபோது அறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். “உனக்குன்னு ஒரு மாசம் ஜாஸ்தியாவே பூட்டி வச்சேன் தம்பி” என்றார் மண்டிக்காரர். என் சாக்பீஸ் வட்டத்தின்மேல் சுண்ணாம்பு மட்டை ஒரு தடவை போய் வந்தது.

பிறகு ஒதுக்கீடு வந்தது. தேர்வு எழுதினேன். வரிசையில் என் நம்பரும் வந்தது. இளநிலை உதவியாளர், கல்வராயன் மலைமேல் ஓர் அலுவலகம். ஆர்டரை அண்ணன் இரண்டு கையாலும் வாங்கினான். அவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. சீலை மட்டும் விரலால் தடவிப் பார்த்தான்.

இரண்டு வருடமாக மலையில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு எண்ணி இரண்டு மூன்று பஸ். மத்தியானத்துக்கு மேல் மேகம் ஜன்னலுக்குள் வரும். மேசைக்கு எதிரே வந்து நிற்பவர்கள் மூங்கில் குழாயிலிருந்து காகிதத்தை உருவுவார்கள். நகல் இல்லையா என்று நான் கேட்கவேண்டும், அது என் வேலை. இல்லை என்பார்கள். ஒரு நகலுக்காக மலை இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போகும். அதனால் சனிக்கிழமை நான் கீழே இறங்கும்போது என் பையில் மறுபடியும் ஊரான் அசல்கள். யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை. கையை நீட்டாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சியில் இப்போது மூன்று ஜெராக்ஸ் கடை. நான் எட்டுக்கு ஆறு அறைக்குத்தான் போவேன். மிஷினை வலது பக்கம் வைத்திருக்கிறார்கள், சாயங்கால வெயில் நேராக அதன்மேல் விழுகிறது. பெஞ்சு கிடையாது. போன சனிக்கிழமை அண்ணனும் வந்திருந்தான், உரம் வாங்க. என் பக்கத்தில் வரிசையில் நின்றான். பச்சை வெளிச்சம் போவதையும் வருவதையும் கண் சிமிட்டாமல் பார்த்தான். மலைக்காரர் ஒருவரின் சான்றிதழ் நகலாக வந்து விழுந்ததும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“சுடுதுடா!”

“ஆமாண்ணா.”

கடைக்காரர் அடுத்த தாளைக் குப்புறப் போட்டார். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், மிஷினைப் பார்த்தபடியே கேட்டான்:

“இது இன்னா வெல இருக்கும்?”

புதியது என்ன விலை, பழையது என்ன விலை, எத்தனை தவணை, மலைமேல் கடைத்தெருவில் காலியாக இருக்கும் அறைக்கு என்ன வாடகை, கரண்ட் எத்தனை மணி நேரம் நிற்கும், எல்லாம் எனக்குத் தெரியும். அரசு வேலையில் இருப்பவன் யார் பெயரில் கடை வைக்கலாம் என்பதுகூட. சொன்னால் இவன் அன்றைக்கே போய்க் கிணற்றடிக் காணியை விற்க ஆள் பார்ப்பான்.

“தெரியலணா” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கையிலிருந்த நகலை என்னிடம் கொடுக்காமல், சூடு ஆறும்வரை அவனே வைத்திருந்தான்.