டேலிலிக்குக் கண் உண்டு

பூச்செடி விற்கும் தொழிலில் செடி செத்தால்கூடச் சமாளித்துவிடலாம். பூத்த பிறகு வரும் புகார்களுக்குத்தான் பதில் கிடையாது, இதே தொழிலில் உழல்கிற உங்களுக்குத் தெரியாததா? புனேயின் ஹிஞ்சேவாடியில் பார்த்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, அதே ஊரில் டேலிலி வளர்க்கிறேன். ஒரே நாள் வாழும் பூ; மறுநாள் அதே செடியில் வேறொன்று மலரும். இதழ்களின் நடுவே கருஞ்சிவப்பாக ஒரு வளையம் ஓடும். அதைக் 'கண்' என்போம்.

முதல் புகார்

ஊருக்குள்ளேயே ஔந்த் பகுதியிலிருந்து, என் வாடிக்கையாளர் கல்யாணி அக்கா போன் செய்தார். கணவர் ராமநாதன் சார் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று, என்னிடம் வாங்கிய செடியைப் பால்கனியில் வைத்திருந்தார்கள். நேற்று வெளிறியிருந்த வளையம் இன்று கருகருவென்று அகலமாக இருக்கிறதாம். குளிர்ந்தால் அகலும், வெயிலில் வெளிறும் என்று வழக்கமான விளக்கத்தைச் சொன்னேன்.

"அதெல்லாம் சரிம்மா. இவர் இன்னிக்கு வாயைத் திறந்து, 'நேத்து வந்தவங்க வேற'ன்னாரே!"

எடுத்துட்டுப் போ

அடுத்த வாரம் மறுபடி போன். சார் தினமும் காலையில் பூவிடம் நலம் விசாரிக்கிறாராம். சில பூவுக்கு 'வாங்க', சில பூவுக்கு 'வா'. அக்கா ஏதாவது கேட்டால் மட்டும் பதில் இல்லை. பேச்சு வருவது நல்லதுதானே என்றேன்.

"நல்லதுதான். அரே, நேத்து பூவைப் பார்த்து எந்திரிச்சு நின்னு கும்பிட்டார்! எனக்கு அந்தப் பக்கம் போகவே கால் வரலை. வந்து எடுத்துட்டுப் போயிடு."

இடது இதழ்

போனேன். அன்றைய பூவில், இடது இதழில் மட்டும் வளையம் அறுந்து, அந்த இடைவெளியில் ஒரு கரும்புள்ளி. நானே மகரந்தம் சேர்த்து உண்டாக்கிய ரகம். அதில் அப்படி ஒரு பூ பார்த்ததே இல்லை. போன வருஷம் இறந்துபோன என் அக்கா சுதாவுக்கு இடது கண்ணுக்குக் கீழே இப்படித்தான் மச்சம் இருக்கும். அவளைப் பற்றி அந்த வீட்டில் நான் மூச்சு விட்டதில்லை. சார் பூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன்னைத் தேடித்தான் வந்திருக்கா. உட்காரும்மா."

இன்னொரு தொட்டி

பூ சுருளும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு செடியை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்த மாதம் கல்யாணி அக்காவே என் தோட்டத்துக்கு வந்தார். சார் இப்போது அவரிடமும் நாலு வார்த்தை பேசுகிறாராம். இன்னொரு செடி வேண்டும் என்றார். எதற்கு என்றேன்.

"வீட்டுல இருக்கறது அவரைப் பார்க்க வர்றவங்களுக்கு. போய்ச் சேர்ந்த எங்கம்மா என்னைப் பார்க்க வந்தா எங்க வருவா?"

அசுவினிப் பூச்சிக்கும் பழுத்த இலைக்கும் என்னிடம் மருந்து உண்டு; பூவில் யார் வருவார்கள் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது என்று, இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லித்தான் விற்கிறேன்.