வாய்க்கு மட்டும் அப்பம் கேளாத அக்கா

என் அக்கா கர்த்தரிடம் போன பிறகு எங்கள் வயலில் ஒரு சம்பா அறுத்துக் களம் சேர்த்தாகிவிட்டது. ஓராண்டு நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உறவினர்களும் சபையாரும் வீட்டுக்கு எடுத்துப் போக இந்த மலரை அச்சிட்டிருக்கிறோம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அக்காவைப் பற்றி வேறொருவர் எழுத நான் ஒப்பவில்லை. அக்காவின் மகள் எஸ்தர் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தாள். சொன்னதெல்லாம் என்னுடையது.

கீழ்வேளூருக்குக் கிழக்கே, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊரில் அக்கா பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் வேலை செய்தவர்கள். அக்கா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஒன்பது வயதில் நாற்றுக்கட்டு தூக்கினார். கல்யாணமாகிப் பத்தாம் வருடம் மச்சான் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். சாமுவேல், எஸ்தர் என்ற இரண்டு பிள்ளைகளையும் ஆறு மா குத்தகை நிலத்தையும் வைத்துக்கொண்டு அக்கா நின்றார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் வீட்டுக்காரரும் போன பின் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டேன். சாமுவேல் என் கையால்தான் சோறு தின்பான். வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா என்று அக்காவைக் கூப்பிடுவதற்கு முன் சின்னம்மா என்று என்னைக் கூப்பிடுவான்.

அந்தச் சாமுவேல் இருபத்து நான்கு வயதில் செத்தான். எங்கள் வயலுக்கு மேலண்டை வயல் இஸ்ரவேலுடையது. மச்சானுக்குச் சித்தப்பா மகன், எங்கள் சபையைச் சேர்ந்தவன். கதிர் வரும் நேரத்தில் எலி தண்டைக் கடித்துப் போடுகிறது என்று வரப்போரமாகக் கரண்ட் கம்பி கட்டியிருந்தான். விடிவதற்கு முன் எழுந்து போய் நிறுத்திவிடுவான். அது கிறிஸ்துமஸ் மாதம். முதல் நாள் சபையாரோடு வீடு வீடாகப் பாட்டுப் பாடப் போய், எங்கள் வாசலிலும் பாடி, நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போன இஸ்ரவேல், கரண்டை நிறுத்த எழாமல் அசந்து தூங்கிவிட்டான். விடியற்காலை தண்ணீர் பார்க்கப் போன எங்கள் பிள்ளை அந்தக் கம்பியை மிதித்தான். மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை.

வழக்கு நடந்தது. இஸ்ரவேல் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்தவன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வந்தான்.

அந்த வாரம் போதகர் ஐயா பிரசங்கத்தில், கெட்ட எண்ணங்களை ஓடவிடாமல் பிடித்து இயேசுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். எல்லோரும் கேட்டுவிட்டு எழுந்து போனோம். அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பிடித்துக் கொடு என்றால் பிடித்துக் கொடுக்கத்தான் வேண்டும் என்று நினைத்தார். அன்றிலிருந்து, ஒரு எண்ணம் வந்தால் எங்கே இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிடுவார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நடவு நட்டுக்கொண்டிருப்போம். நடுவில் அக்கா குரல் கேட்கும்.

"ஆண்டவரே, இஸ்ரவேல் வீட்டுல எழவு விழணும்னு இப்ப நெனச்சேன். இந்தாங்க, வாங்கிக்கங்க."

சொல்லிவிட்டு அடுத்த நாற்றை நடுவார். முதலில் பெண்கள் பயந்தார்கள். பிறகு பழகிவிட்டது. ஒரு நாள் மதியத்துக்குள் ஆறேழு தடவை ஆகிவிட்டது. அப்போது பக்கத்தில் நின்ற செல்வி, "என்னக்கா, ஆண்டவருக்கு இன்னிக்கு வேற வேல கெடயாதா?" என்றாள். அக்காவும் சிரித்துவிட்டார். பிள்ளை போன பின் அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆனால் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு அக்கா போகவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் எழுந்து பீடத்தின் முன் முழங்காலிடும்போது, கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். இஸ்ரவேல் போய் வாங்குவான். இப்படி ஆறு வருடம். இவளுக்குள் என்ன பாவம் இருக்கிறதோ என்று ஊரில் பேசிய வாய்கள் சில இன்றைக்கும் இந்த ஆராதனைக்கு வந்திருக்கின்றன. வந்ததற்கு நன்றி.

போதகர் ஐயா வீட்டுக்கே வந்து, மன்னித்தேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள் அம்மா, மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார்.

"மன்னிச்சிட்டேன்னு வாய்தான் சொல்லுது ஐயா," என்றார் அக்கா. "வாய்க்கு மட்டும் அப்பம் கேக்க முடியுங்களா?"

ஐயா ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

ஏழாம் வருடம் நடவு முடிந்த சில நாளில் நல்ல மழை. வாய்க்கால் முட்ட ஓடியது. காலையில் வயலுக்குப் போன அக்கா, வாய்க்கால் கரையில் நண்டு வளை பெரிதாகித் தண்ணீர் இஸ்ரவேல் வயலுக்குள் பாய்வதைப் பார்த்தார். இஸ்ரவேல் காலில் ஆபரேஷன் செய்து நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் வீட்டில் எல்லோரும் அங்கேதான். இன்னும் ஒரு நாள் விட்டால் இளம் பயிர் முழுகி அழுகிப்போகும்.

அக்கா வீட்டுக்கு வரும்போது மார்பு வரை சேறு. கை நகமெல்லாம் கிழிந்திருந்தது. வைக்கோலும் மண்ணுமாகத் தனியாக அடைத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. முழுகட்டும் என்று விட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"நானும் அப்படித்தான்டி நின்னேன். வெயில் ஏறுற வரைக்கும் நின்னேன். நெனப்பு நகரவே இல்ல. கைதான் முன்னால போயிடுச்சு."

அடுத்த திருவிருந்தில் அக்கா எழுந்து முன்னால் போனார். இடம் இருந்தது, காலை மடக்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இஸ்ரவேல் பக்கத்தில் மட்டும். இவரைப் பார்த்ததும் அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தான். அக்கா அவன் சட்டையைப் பிடித்து, "இருப்பா," என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்று கடைசி பெஞ்சில் நான் உட்கார்ந்தேன்.

அதோடு அக்காவுக்கு எண்ணம் நின்றுவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நிற்கவில்லை. சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு முறை நாகப்பட்டினத்துக்கு டயாலிசிஸ் போனபோதும் வந்தது. கூட்டிப் போனது, கால் தேறிய பின் இஸ்ரவேல் வாங்கி ஓட்டிய ஆட்டோ. ஆட்டோவில் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே, "ஆண்டவரே, இப்பவும் வந்துச்சு, இந்தாங்க," என்பார். எது வந்தது என்று அவனுக்கும் தெரியும். வண்டியை ஓட்டிக்கொண்டே, தண்ணீர் வேண்டுமா என்று என்னைக் கேட்பான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவேன். இரண்டு வருடம் அவன் வண்டியில் போய் வந்தும் ஒரு வார்த்தை நான் பேசவில்லை.

கடைசி வாரம் உடம்பு ஊதி, அக்காவுக்குப் பேச்சு குழறியது. என்னைக் கிட்டே கூப்பிட்டு, நினைவு மலரில் நன்றி போடும் இடத்தில் இஸ்ரவேல் பெயரைப் போட வேண்டும் என்றார். எனக்கு மனசு வரவில்லை அக்கா, வந்தால் போடுகிறேன் என்றேன்.

"வராதுடி. எனக்கே வரல. நீ கையால போடு."

மூன்றாம் நாள் மதியம் அக்கா அடங்கினார். பெட்டியின் கால்மாட்டைத் தூக்கியது இஸ்ரவேல்.

அக்காவின் படுக்கையருகே வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த பெண்கள் ஐக்கியத்துக்கும், துணி மாற்றிக் கொடுத்த செல்விக்கும், லீவு போட்டு வந்து பார்த்த எஸ்தருக்கும் மருமகனுக்கும் எங்கள் நன்றி. இதுவரை எழுதிக் கொடுத்தபோது, இதோடு போதும் சின்னம்மா, அச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்றாள் எஸ்தர். தாளைத் திரும்ப வாங்கி இரண்டு நாள் வைத்திருந்தேன்.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த தம்பி இஸ்ரவேலுக்கும் நன்றி.

என் மனசு இன்னும் கடைசி பெஞ்சில்தான் இருக்கிறது, அக்கா. பெயரை எழுதிவிட்டேன்.