கறியில் என்ன போட்டேன் என்று சொல்லாத நாள்

என்னிடம் பதினேழு சமையல் புத்தகங்கள் உள்ளன. கிறிஸ்துவே விருந்துக்கு வருகிறார் என்று எண்ணி, ஞாயிறு பூசை முடிந்ததும் யாருக்காவது சமைத்துப் போடுவேன். ஆனால் செய்முறையை எவருக்கும் சொன்னதில்லை.

அன்று முரசுமோட்டையிலிருந்து தம்பியும் அவனுடைய புது மனைவியும் வந்திருந்தார்கள்.

"மச்சாள், கோழிக்கறிக்குள்ள என்ன போட்டனீங்கள்?" என்று அவள் கேட்டாள்.

"ஏன், கொப்பியடிக்கவோ? வழமையான சாமான்தான், சாப்பிடும்."

கச்சானை, அதாவது நிலக்கடலையை, அரைத்துச் சேர்த்ததை மறைத்தேன். நாலாவது வாயில் அவளுடைய உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகே பேசினாள்.

"கச்சான் எனக்கு ஒத்துவராது எண்டுதான் கேட்டனான். உங்கட புத்தகம் ஆருக்கு வேணும்?"

இப்போது ஒவ்வொரு கறிக்கு அருகிலும், அதில் சேர்த்தவற்றை அட்டையில் எழுதி வைக்கிறேன். கடந்த ஞாயிறு மீண்டும் வந்த தம்பியின் மனைவி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"எல்லாத்தையும் எழுதினீங்களோ?" என்று கேட்டுவிட்டு, தேநீர் மட்டும் குடித்தாள்.